லாம்பு கொளுத்தாத வள்ளம்

குருநகர்,
27 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் காவலில் சாப்பிட்டுக் குடித்து இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அந்த மலைக் குளிரில் வெறும் சீமெந்துத் தரையில் நாள் முழுக்க முழந்தாளில் நின்றால் எந்த முழங்கால் தாங்கும்? மடத்து மதரிடம் ஒரு சாக்குத் துண்டாவது கேட்டு வாங்குங்கள். சாக்கில் நின்று சொல்லும் செபமும் கடவுளுக்குக் கேட்கும்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எமில்ராஜ் அண்ணையின் தாய், சின்னத்தங்கம் மாமி, போன செவ்வாய் பகல் தவறிவிட்டார். நோயில் கிடந்து உத்தரிக்காமல் நித்திரையிலேயே போய்விட்டார். ஊர் வழக்கம் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துக்கமணி அடித்ததிலிருந்து சேமக்காலையில் மண் போடும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செவ்வாய் பின்னேரம் வள்ளங்கள் எல்லாம் கரையில், ஊர்ச்சனம் எல்லாம் செத்தவீட்டில்.

அன்றிரவுதான் அது விழுந்தது. விமானப்படைப் பயிற்சி விமானம். இருட்டில் இறக்கிப் பழகுவதற்காக வந்ததாம். ஓடுபாதைக்குப் போக முன்னமே எங்கள் களப்பில் விழுந்துவிட்டது. பழக்கின அதிகாரி ஒருவர், பழகின பெடியன் ஒருவன், இரண்டு பேரும் முடிந்துபோனார்கள். அதிகாரியை விமானத்துக்குள் இருந்து எடுத்தார்கள். பெடியன் எங்கள் இறங்குதுறைப் படியில் கிடந்தான். கடல் கொண்டுவந்து போட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. எங்கள் மகன் ஜெயசுதனுடைய வயதுதான் அக்கா அந்தப் பெடியனுக்கும்.

சத்தமே இல்லாமல் வந்ததாம். மூக்கில் வெளிச்சம் எரிந்தபடி, நூல் அறுந்த பட்டம் மாதிரிச் சாய்ந்து வந்து, தண்ணீரில் பட்ட பிறகுதான் சத்தம் கேட்டதாம்.

இவருக்கு அன்று தொடங்கிய காய்ச்சல் இன்னும் விடவில்லை. தைப் பனிதான், வேறொன்றும் இல்லை. உங்கள் செபத்தில் இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
ஸ்ரெல்லா


மடம்,
6 பெப்ரவரி

அன்பின் ஸ்ரெல்லா,

உன் வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும். முழங்கால் இருக்கிறது. சாக்குத் துண்டு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

மாமிக்காகவும், விழுந்த இருவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுத்தோம். மாமி என் புதுநன்மைக்குச் சட்டை தைத்துத் தந்தவர். இடுப்பில் இறுக்கம், மூச்சு விட முடியாமல் நற்கருணை வாங்கினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செத்தவீட்டில் ஒருபக்கம் செபமாலை, ஒருபக்கம் ஒப்பாரி, வாசலில் பாண்ட் வாத்தியம். அதற்குள் இருந்த சனத்துக்கு ஆகாயத்தில் சத்தம் வந்ததா, நின்றதா என்று எப்படித் தெரியும்? மூக்கு வெளிச்சத்தைக் கண்டது யார்? உன் மனிசன் கொலின்ஸ் பனிக்குக் காய்ச்சல் பிடிக்கிற ஆளா? பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடக்கிற மனிதர் அவர்.

பதில் எழுது.

அக்கா
அருமைநாயகி


குருநகர்,
17 பெப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாருக்கும் சுகம். எனக்கு மட்டும் இரத்தம் கொதிக்கிறது.

உங்களுக்குப் பேப்பர் வராதபடியால் நானே சொல்கிறேன். கொழும்பில் ஒரு அரசாங்கப் பெரியவர் பேசியிருக்கிறார். அன்றிரவு களப்பில் வரிசையாக எரிந்த மீன்பிடி லாம்புகளை ஓடுபாதை வெளிச்சம் என்று நினைத்து, பெடியன் விமானத்தைக் கீழே இறக்கிவிட்டானாம். ஆனபடியால் பொழுதுபட்ட பிறகு வள்ளங்களில் லாம்பு எரியக்கூடாது என்று கட்டளை வந்துவிட்டது. இறால் வலை இழுப்பதே இரவில்தான். வலையின் மிதப்பு எங்கே கிடக்கிறது என்று மணந்தா கண்டுபிடிப்பது? இருட்டில் வள்ளத்தோடு வள்ளம் முட்டினால் யார் பொறுப்பு? லாம்பு இல்லையென்றால் தொழில் இல்லை. சீசன் நேரம், ஆம்பிளைகள் எல்லாம் கரையில் குந்தியிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எமில்ராஜ் அண்ணை அரசாங்கக் கந்தோருக்கே போய் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“அண்டைக்கு என்ரை அம்மா வீட்டிலை பிரேதமாய்க் கிடந்தவ. ஒரு வள்ளம் கடலிலை இறங்கேல்லை. எரியாத லாம்பைப் பாத்து எப்பிடி இறக்கினவன்?”

ஏப்ரலில் விசாரணைக்குழு ஒன்று வருமாம், அங்கே வந்து சொல்லட்டாம். ஊரில் எல்லாருக்கும் அந்தக் கேள்வியில் பெருமை. கோயில் வாசலில், மீன் சந்தையில், எங்கே போனாலும் அதே கதைதான். நான் மட்டும் அந்தக் கதை தொடங்கினால் எழும்பி வந்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு வருகிற கடிதத்தை மதர் பிரித்துப் பார்த்துத்தானே தருவார். அதனால் இவ்வளவோடு நிறுத்துகிறேன். குளிருக்குக் காலுறை போடுங்கள்.

தங்கை
ஸ்ரெல்லா


மடம்,
22 பெப்ரவரி

ஸ்ரெல்லா,

இங்கு நலம். காலுறை போட்டிருக்கிறேன்.

புது மதர் நீர்கொழும்புக்காரி. தமிழ் வாசிக்கத் தெரியாது. உறையைப் பிரிப்பார், மேலே நீ போடும் சிலுவைக் குறியைப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு என்னிடம் தருவார். அவ்வளவுதான்.

எழுது. மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் வாங்குவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. பிந்திவிடாதே.

அக்கா


குருநகர்,
27 பெப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இந்த முறை மனம் இல்லை. குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் நினைத்ததுதான். இவர் கடலுக்குப் போனவர்.

திங்கள் பின்னேரம் நண்டு வலை போட்டவர். செவ்வாய் மாமி கண்ணை மூடிவிட்டார். அடக்கம் வியாழன். அதுவரை வலை தண்ணீரில் கிடந்தால் பட்ட நண்டு செத்து நாறும், வலையும் கந்தலாகும். ஊரில் பாதிப் பேருடைய வலை அப்படித்தான் கிடந்தது. வழக்கம் என்றால் எல்லாருக்கும் நட்டம்தான், பொறுத்துக்கொண்டார்கள். என் மனிசனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. செத்தவீட்டில் வயிற்றுக்குத்து என்று சொல்லி எழும்பி வந்தார். நான் விசரி, மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பச் செபமாலைக்குப் போனேன்.

எஞ்சினை இயக்காமல், லாம்பும் கொளுத்தாமல், கோல் ஊன்றியே வள்ளத்தைக் கொண்டுபோயிருக்கிறார். வலையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது மேலே விமானச் சத்தம் கேட்டது. வழமையாக வருவதுதான். பிறகு அந்தச் சத்தம் ஆள் இருமுவதுபோல இரண்டு தரம் இருமி, அப்படியே நின்றுபோனதாம். வெளிச்சம் மட்டும் இறங்கி வந்தது.

அது விழுந்த இடத்தில் நெஞ்சளவு தண்ணீர்தான். அதிகாரி உள்ளே அசைவில்லாமல் இருந்தார். பெடியன் பாதி வெளியே தொங்கினான். இவர் அவனை இழுத்து வள்ளத்தில், நண்டு கிடந்த வலைக்கு மேலேயே கிடத்தினார். உயிர் இருந்தது அக்கா. இவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் நின்றுவிட்டது என்று சிங்களத்தில் சொன்னானாம். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னானாம். நீர்கொழும்பு லொறிக்காரரோடு நண்டு விலை கதைத்துக் கதைத்து இவருக்குச் சிங்களம் நல்லாய்த் தெரியும். கரை வருமுன் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

இறங்குதுறைப் படியில் அவனைக் கிடத்தினார். தன் சாரத்தைக் கழற்றிப் போர்த்தினார். தூரத்தில் கடற்படையின் வெளிச்சம் வந்தது. சாரத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, போர்த்ததைத் திரும்ப உருவிக்கொண்டு வந்துவிட்டார். அதைச் சொல்லித்தான் இப்போது அழுகிறார். செத்த பிள்ளையின் மேல் போட்ட துணியைப் பறித்தவன் நான் என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். காய்ச்சல் என்று உங்களுக்கு எழுதினேனே, அது இதுதான்.

இவர் வாய் திறந்தால், ஒரு வள்ளமும் இறங்கவில்லை என்ற எமில்ராஜ் அண்ணையின் சொல் பொய்யாகிவிடும். வள்ளம் போயிருந்தால் லாம்பும் எரிந்திருக்கும் என்பார்கள். அவருடைய தாய் பெட்டியில் கிடக்க நண்டு தூக்கப் போனவனை ஊர் கோயில் வாசலில்கூட நிற்க விடாது. படையின் பிள்ளையைத் தூக்கி வந்து போட்டுவிட்டு ஏன் ஓடினாய் என்று இவரைக் கொண்டுபோனால், கேட்க நாதி இல்லை. வாய் திறக்காவிட்டால், எஞ்சின் நின்றதென்று அறிந்த ஒரே மனிசன் அதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிவார். லாம்பும் எரியாது, அந்தப் பெடியனும் பிழைகாரனாகவே மண்ணுக்குள் கிடப்பான்.

நான் என்ன செய்ய? விபூதிப் புதனுக்கு முன் ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஸ்ரெல்லா


குருநகர்,
14 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. என் கடிதம் தவக்காலம் தொடங்கிய பிறகுதான் மடத்துக்கு வந்திருக்கும். இதுவும் மதரின் மேசை லாச்சிக்குள் போய்ப் படுக்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்று ரீவியில் அந்தப் பெடியனின் தகப்பனைக் காட்டினார்கள். குருநாகல் பக்கம் ஒரு கிராமம், பெயரை ஒரு துண்டில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பஸ் ஓட்டுகிற மனிசனாம். முகம் வற்றிப்போய் இருந்தார். மைக்கை நீட்டியவுடன், என் மகன் பிழை விட்டிருந்தால் அந்த அதிகாரியின் மனைவி பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லிக் கை கூப்பினார். தமிழில் கீழே எழுத்து ஓடியது.

பிள்ளையைப் பறிகொடுத்தவன் மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் வீட்டிலும் படைகளால் செத்தது உண்டு அக்கா, சின்ன மாமாவை நீங்களும் நானும் மறக்கவில்லை. அப்போது எங்களிடம் ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆறவும் மாட்டாது. ஆனால் அந்தக் கோபத்தை இந்த மனிசனின் கூப்பின கையில் கொண்டுபோய் வைக்க என்னால் முடியவில்லை.

ரீவியை நிற்பாட்டிவிட்டு இவரிடம் சொன்னேன்.

“நீங்கள் போய்ச் சொல்லாட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாசல்லை நிண்டு நான் சொல்லுவன்.”

வலை ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, முதலில் சங்கத்தில் சொல்ல வேண்டும், எமில்ராஜ் அண்ணைக்குத் தெரியாமல் வெளியாட்களிடம் சொல்வது முறையில்லை என்றார். மாமியின் முப்பத்தோராம் நாள் பூசையில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்த மனிசன் இப்போது முறை பேசுகிறார். நான் சிரிக்கவில்லை. சரி, சங்கத்திலேயே சொல்லுங்கள் என்றேன்.

உங்களுக்குச் சுகமாயிருக்கும் என்று நம்புகிறேன். லாச்சிக்குள் கிடக்கும் கடிதத்துக்குள் எதைக் கேட்டு என்ன?

ஸ்ரெல்லா


குருநகர்,
29 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டார்.

சங்கக் கூட்டம் பங்கு மண்டபத்தில். பொம்பிளைகள் உள்ளே போவதில்லை, நான் கதவு நிலையில் நின்றேன். இவர் எழும்பி, தலையைக் குனிந்தபடி, நண்டு வலையில் தொடங்கி இறங்குதுறைப் படி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். சாரத்தை உருவியதையும் சொன்னார்.

எமில்ராஜ் அண்ணை கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

“என்ரை அம்மா பெட்டியிலை கிடக்கேக்கை நீ நண்டு தூக்கப் போனனி.”

“ஓம் அண்ணை.”

ஆறு மாதம் தொழிலுக்கு இறங்கக்கூடாது, வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வை என்று தீர்த்தார்கள். அதற்கும் இவர் ஓம் என்றார். நானும் மனதுக்குள் ஓம் என்றேன், அது நியாயம். அதற்குப் பிறகுதான் எமில்ராஜ் அண்ணை, உது இந்த மண்டபத்தோடு முடிய வேண்டும், விசாரணையில் நீ வாய் திறக்கக்கூடாது, ஒரு வள்ளமும் இறங்கவில்லை என்று நான் சொல்லிப்போட்டேன், ஊருடைய சோறு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்றார். இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள்.

நிலையைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன் அக்கா.

“களவாய்ப் போறவர் லாம்பு கொளுத்திக்கொண்டோ போவார்? இவர் இருட்டிலை போனது கடற்படைக்குப் பயந்தில்லை, உங்களுக்குப் பயந்து. அண்டைக்குக் கடலிலை ஒரு வெளிச்சமும் இல்லை எண்டதுக்கு இவரை விட்டா ஆர் சாட்சி? நீங்கள் எல்லாரும் செத்தவீட்டிலை நிண்டனீங்கள். கடலைக் கண்டனீங்களோ?”

பின்னுக்கு இருந்த ஒருவன் சிரித்துவிட்டான். எமில்ராஜ் அண்ணை சிரிக்கவில்லை. ஊர் வழக்கத்தை முறித்தவனை ஊருக்குச் சாட்சியாக நிறுத்தச் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்களோடு ஒருவரும் கதைப்பதில்லை. சந்தையில் நான் மீன் விற்கிற தட்டுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு இருக்கிறார்கள். விசாலமாக இருக்கிறது, நல்லதுதான். ஏப்ரல் பத்தாம் திகதி விசாரணை. இவர் போவார். நானும் போவேன்.

ஸ்ரெல்லா


மடம்,
4 ஏப்ரல்

என் ஸ்ரெல்லா,

தவக்காலத்தில் எழுதுகிறேன், ஆச்சரியப்படாதே.

நேற்று மதர் என்னைக் கூப்பிட்டு, லாச்சியைத் திறந்து, உன் மூன்று கடிதங்களையும் மேசையில் வைத்தார். “எனக்கு வாசிக்கத் தெரியாது. பதில் வராது என்று தெரிந்தும் இப்படி எழுதுகிறவள் சும்மா எழுத மாட்டாள்” என்றார். விதியை முறிக்க உத்தரவு தரமாட்டேன், முறித்தால் தண்டனை தருவேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குத் தண்டனையாக ஒரு கிழமைக்கு முழந்தாளில் நின்று சாப்பிட வேண்டும். முழங்கால் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

நீ என்ன செய்ய என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீயே செய்தும்விட்டாய். ஆனபடியால் இதைக் கொலின்ஸுக்கு வாசித்துக் காட்டு.

கொலின்ஸ், அந்தப் பிள்ளையின் கடைசிச் சொல்லைக் கேட்க உலகத்தில் உம்மைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை. அந்தச் சொல் உம்முடையது அல்ல. சங்கத்துடையதும் அல்ல. அது அந்தத் தகப்பனுக்கு வந்த சொல், உம்முடைய கையில் தந்து அனுப்பியது. போய்க் கொடும். துணியை எடுத்ததற்காக அழுதது போதும்.

ஸ்ரெல்லா, அந்தத் தகப்பனின் ஊர்ப் பெயர் எழுதிய துண்டை நான் வைத்திருக்கிறேன்.

அக்கா


குருநகர்,
12 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு மூன்று தரம் வாசித்தேன். நான்காம் தரம் தானே வாங்கி வாசித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தார். உங்கள் முழங்காலை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பெருமையும் வருகிறது.

என்னை உள்ளே விடவில்லை. விறாந்தையில் யன்னலுக்குக் கீழே வாங்கில் இருந்தேன். யன்னல் திறந்து கிடந்தது, அது என் பிழையில்லை.

ஏன் லாம்பு இல்லாமல் போனாய் என்று கேட்டார்கள். எமில்ராஜ் அண்ணை கண்டுவிடுவார் என்ற பயம் என்றார் இவர். மொழிபெயர்க்கிறவர் அதைச் சொல்லி முடித்த பிறகும், கடற்படைக்குப் பயப்படவில்லையா என்று திரும்பக் கேட்டார்கள். அவர்களை விட எமில்ராஜ் அண்ணைக்குத்தான் பயந்தேன் என்று இவர் உண்மையைச் சொன்னார். ஏன் பெடியனை விட்டுவிட்டு ஓடினாய் என்று ஒருவர் மேசையில் தட்டிக் கேட்டார். தமிழர் படைக்குப் பயந்து ஓடிய பழைய கதை ஒன்றையும் இவர் இழுக்கவில்லை. பயந்து ஓடினேன், அது என் பிழை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பிறகு, பெடியன் ஏதாவது சொன்னானா என்றார்கள். இவர் சொன்னார். மொழிபெயர்க்கிறவர் களைத்துப்போயிருந்தார் போல, எஞ்சினைப் பற்றி ஏதோ சொன்னானாம் என்று சிங்களத்தில் முடித்துவிட்டாராம், இவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. இவர் எழும்பியிருக்க வேண்டும். அந்தப் பெடியன் சொன்ன மாதிரியே, அவனுடைய சிங்களத்தில், அவனுக்கு மூச்சு வாங்கிய இடத்தில் தானும் நிறுத்தி, அதைச் சொன்னார். இருமி நின்ற சத்தத்தையும் சொன்னார். பிறகு ஒருவர் அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதினார்.

பொழுதுபடும் நேரம் விட்டார்கள். கேற்றடியில் எமில்ராஜ் அண்ணை மோட்டர்சைக்கிளோடு நின்றார். அவரும் சாட்சி சொல்ல வந்தவர்தான், ஆனால் அவருடைய முறை பகலே முடிந்துவிட்டது. இவரைப் பார்த்து “ஏறு” என்றார். இவர் ஏறினார். என்னை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். நான் ஓட்டோ பிடித்து வந்தேன்.

அவர் என்ன சாட்சி சொன்னார் என்று இவரிடம் கேட்டேன். ஒரு வள்ளம் போனது, அதில் லாம்பு இல்லை என்று சொன்னாராம்.

ஸ்ரெல்லா


மடம்,
25 ஏப்ரல்

அன்பின் ஸ்ரெல்லா,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் வீட்டில் தங்கட்டும். எனக்குச் சுகம், தண்டனையும் முடிந்தது.

மதரின் உத்தரவோடு, இங்குள்ள சிஸ்டர் நில்மினியைக் கொண்டு அந்தத் தகப்பனுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுவித்தேன். கொலின்ஸ் கேட்டதை மட்டும் எழுதினோம், ஆறுதல் ஒன்றும் சேர்க்கவில்லை. உங்கள் விலாசத்தையும் கொடுத்தேன். உன்னிடம் கேட்காமல் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ ஓம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

அக்கா


குருநகர்,
26 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இவருக்கு இன்னும் தடை முடியவில்லை, வீட்டில் இருந்து என் சமையலுக்குக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். விசாரணை முடிவும் வரவில்லை. லாம்புக் கட்டளையும் அப்படியே இருக்கிறது. வெசாக் பண்டிகைக்கு நகரம் முழுக்க வெளிச்சக்கூடு கட்டி லைற் எரித்தார்கள். ஆகாயத்தில் போகிறவனுக்கு அது ஒன்றும் தெரியாது, குருநகரான் வள்ளத்தில் தொங்கும் லாம்பு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அந்தத் தகப்பன் வந்தார். ஒரு பையும், சட்டைப் பைக்குள் சிஸ்டர் நில்மினியின் கடிதமும். வாசலில் நின்று இவரைப் பார்த்தார். இவர் அவரைப் பார்த்தார். எனக்கு விளங்காத மொழியில் இரண்டு பேரும் மெல்ல மெல்லக் கதைத்தார்கள். இவர் சாரத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது, கையால் காட்டினார். அந்த மனிசன் இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். என் மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இறங்குதுறைப் படியைப் பார்த்தார். பிறகு, மகன் விழுந்த இடத்துக்கு, விழுந்த நேரத்தில் போக வேண்டும் என்றார்.

இரவில் எப்படிப் போவது? இவருக்கு வள்ளம் இறக்கத் தடை. மற்றவர்களுக்கு லாம்பு எரிக்கத் தடை. நான் எமில்ராஜ் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஒன்றும் கேட்காமல் கூடவே வந்து, அந்த மனிசனை ஒருமுறை பார்த்தார். அடுத்த நாள் பின்னேரம் எல்லா வள்ளங்களும் இறங்க வேண்டும், லாம்போடு, என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவருடைய தடையைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, தடை தொழிலுக்கு, வள்ளத்தில் குந்தியிருப்பதற்கு இல்லை என்றார்.

எமில்ராஜ் அண்ணையின் வள்ளத்தில் அந்தத் தகப்பன், இவர், நான். பொம்பிளை வள்ளத்தில் ஏறுவதில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். ஏறிவிட்டேன். ஆறு மாதம் எனக்கும் தடை போடட்டும்.

அந்த இடத்துக்குப் போனதும் எமில்ராஜ் அண்ணை எழும்பி நின்று கத்தினார்.

“வரிசையாய் எரிஞ்சது எண்டுதானே சொன்னவங்கள். வரிசையாய் நில்லுங்கோ.”

நாற்பது ஐம்பது வள்ளம் இருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை லாம்பு எரிந்தது. கடற்படைப் படகு வந்து, ஒலிபெருக்கியில் லைற்றை நிற்பாட்டச் சொல்லித் தமிழில் சொன்னது. ஒருவரும் நிற்பாட்டவில்லை. திரும்பச் சொன்னது. அந்தத் தகப்பன் எழும்பி, தான் யார் என்று சிங்களத்தில் சொன்னார். படகு எஞ்சினைத் தணித்துக்கொண்டு தள்ளி நின்றது. இரவில் பழகுகிற விமானங்கள் போன கிழமையிலிருந்து திரும்பவும் வரத் தொடங்கிவிட்டன என்று எங்களுக்குத் தெரியும். அது தெரிந்துதான் வந்தோம் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு வருடமும் எங்கள் லாம்புக்கு மேலால் போய் ஒழுங்காக இறங்கியவைதானே.

விமானம் வந்தது. எங்கள் லாம்பு வரிசைக்கு மேலால், தாழப் பதிந்து, போய் வடக்கே ஓடுபாதைப் பக்கம் மறைந்தது. அந்த மனிசன் பஸ் ஓட்டுகிறவர், எஞ்சின் சத்தம் அவருக்குத் தெரியும். தலையைச் சரித்து, சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டார். ஓடுபாதையைத் தொட்டுவிட்டு எழும்பி, அதே விமானம் திரும்பவும் வந்தது. அப்படித்தான் பழக்குவார்களாம். மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் எங்கள் வெளிச்சத்துக்கு மேலால் போய் இறங்கி எழும்பியது. மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குந்தி முகத்தை மூடிக்கொண்டார். பிறகு இவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னவர் என்று இவரைக் கேட்டேன்.

“இவ்வளவு லாம்பும் எரிய அது போய் இறங்குது. ஊருக்குப் போய் எல்லாருக்கும் சொல்லுவாராம், என்ரை மகன் பிழை விடேல்லை எண்டு.”

எமில்ராஜ் அண்ணை எங்களைக் கரையில் இறக்கிவிட்டு வள்ளத்தைத் திருப்பினார். லாம்பை அணைக்கவில்லை. மற்றவர்களும் அணைக்கவில்லை. எல்லாரும் விடியும்வரை அங்கேயே நின்று இறால் வலை இழுத்தார்கள்.

தங்கை
ஸ்ரெல்லா